ஓட்டு யாருக்குங்க போட்டீங்க?

என்ற தொழில் மோட்டார் ரீவைண்டிங்குங்க. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி பக்கம் ரோட்டோரமா ஒரு தகரக் கொட்டாய் கடை, 17 வருசம் ஆச்சு. கருகிப்போன மோட்டாரை எக்ஸெல் வண்டியில வெச்சுக் கட்டிட்டு வருவாங்க, பழைய காயிலை வெட்டி உருவிப் போட்டு, ஸ்லாட்டெல்லாம் சொரண்டி சுத்தம் பண்ணி, புதுக் கம்பி சுத்திக் கட்டி, வார்னிஷ் ஊத்திக் காயவெச்சுக் குடுக்கோணும். வேலையை விடக் கஷ்டம் என்னன்னா வந்தவிய போகமாட்டாங்க. தண்ணி நின்னுபோன தோட்டத்துக்காரருக்கு ஊட்டுல இருப்புக் கொள்ளாது, "இன்னைக்கு ஆயிருமா, பொழுதோட ஆயிருமா"ன்னு கேட்டுட்டே கடை முன்னாடி பெஞ்சுல உக்காந்துக்குவாரு, ஒருத்தரு உக்காந்தா பின்னாடியே இன்னொருத்தரு, அப்பறம் எதுத்த பேக்கரியிலிருந்து டீ வரும், டீ வந்தா பழமை, ஊர்ப் பேச்சுங்க, பழமை எங்க சுத்துனாலும் கடைசியில அரசியல்ல தான் போய் நிக்கும்.

அதுவும் எலெக்சன் முடிஞ்ச ஒரு வாரம் இருக்குதே, இடது கை விரல்ல மையோட காயில் கட்டிட்டு இருப்பேன், வர்றவிய கண்ணு மொதல்ல மோட்டாருக்குப் போகாது, என்ற விரலுக்குத் தான் போகும். "அப்பறம், யாருக்குப் போட்ட?"

இந்த ஒரு கேள்விக்கு நான் பட்ட பாட்டைத் தான் எழுதறேன். இதே தொல்லையில நெறைய பேரு இருக்கீங்கன்னு தெரியும். நான் எந்தக் கட்சின்னு இதுல இருந்து கண்டுபுடிக்கப் பாக்காதீங்க, முடியாது.

மொதல் அடி 2019 டிசம்பர்ல வாங்குனது, ஊராட்சித் தேர்தல். அதுல நாலு சீட்டு குடுப்பாங்க, வார்டு மெம்பருக்கு, தலைவருக்கு, ஒன்றியக் கவுன்சிலருக்கு, மாவட்டக் கவுன்சிலருக்குன்னு நாலு நெறத்துல. பெரிய எலெக்சன்ல நிக்கறவிய போஸ்டர்ல தான் இருப்பாங்க, இதுல நிக்கறவிய நம்ம பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்க. எங்க வார்டுல நின்ன ரெண்டு பேருமே என்ற கஸ்டமருங்க, ஒருத்தரு சொந்தம் வேற. ரெண்டு பேரும் தனித்தனியா வந்து கையைப் புடிச்சுட்டாங்க. நானும் நல்லவனாட்டம் ரெண்டு பேருக்கும் "உங்களுக்குத் தானுங்க, சந்தேகமே வேண்டாம்"னு சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்சு அந்த வார்டுல பாதிச் சனம் அப்படித் தான் சொல்லிருக்கும்.

எண்ணி முடிச்சா ஒருத்தரு 11 ஓட்டுல தோத்துட்டாரு. இருக்கறதே 300 சொச்சம் ஓட்டு. தோத்தவரு ஊட்டுல உக்காந்து நோட்டுப் போட்டு எழுதிருக்காரு, யார் யாரு வாக்குக் குடுத்தா, யாரு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு. ஒரு நாள் காத்தால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல என்ற கடைக்கு வந்துட்டாங்க, எதேச்சையா தான். செயிச்சவரு என்ற தோளுல கையப் போட்டு "நம்ம தம்பி நமக்குத் தான் போட்டாப்ல"ங்கறாரு, தோத்தவரு என்னையவே பாக்கறாரு. அந்த நேரத்துல மோட்டாருக்குள்ள தலைய உட்டுக்கலாமான்னு இருந்துச்சு. அவரு ஒண்ணுமே கேக்கலைங்க, ரெடியாயிருந்த பேரிங்கை எடுத்துட்டு காசைக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லித் தப்பிச்சுக்கலாம்ங்கற ரோசனை அன்னையோட முடிஞ்சுது. ஊருக்குள்ள எல்லாரும் ஒரே பேக்கரியில தானுங்க டீ குடிக்கறாங்க.

செரி, இனிமே உண்மையே சொல்லிரலாம்னு முடிவு பண்ணுனேன். 2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். ஓட்டுப் போட்டுட்டு வந்து பொழுதோட கடையைத் தொறந்தேன், சித்த நேரத்துல ஒரு மாமா வந்தாரு. மூணு போர்வெல் வெச்சிருக்கறவரு, 12 வருசமா மோட்டாருன்னா என்கிட்ட மட்டும் தான், ஊட்டு விசேசம்னா மொதப் பத்திரிகையே எனக்குத் தான் வரும். "மாப்ள, யாருக்குப் போட்ட?" சொல்லிட்டேன். சொன்னதோட நிறுத்திருந்தாக் கூடத் தேவலைங்க. அவரு மூஞ்சி மாறுனதைப் பாத்துட்டு ஏன் போட்டேன்னு வெளக்க ஆரம்பிச்சுட்டேன், கரண்ட், சொசைட்டிக் கடன், பாப்பா படிப்பு, மஞ்ச வெலை, எல்லாத்தையும் இழுத்து இருவது நிமிசம். நான் பேசப் பேச அவரு சின்னதாயிட்டே போறாரு, எனக்கோ இன்னும் ஒரு பாயிண்ட் சொன்னா ஒத்துக்குவாருன்னு தோணுது. கடைசியா "செரி உடு மாப்ள, உன்ற இஷ்டம்"னு எந்திரிச்சாரு. டீயைக் குடிக்கலை. கிளாஸ்ல ஆடை கட்டிப் போச்சு, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ரெண்டு மாசம் கழிச்சு அவரு மோட்டாரை வேற கடை வாசல்ல பாத்தேன். நீலப் பெயிண்ட் அடிச்சு நான் நம்பர் எழுதிவெச்ச மோட்டாருங்க அது, தூரத்துலயே தெரியும்.

இதை விட மோசம் அந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு. நான் யாருக்குப் போட்டேன்னு சொன்னனோ அந்தக் கட்சிக்காரங்க ஒரு நாள் நாலு பேரா வந்து "அண்ணா, நீங்க நம்மாளுன்னு தெரியாமப் போச்சே"ன்னு ஒரே பாசம். அப்பறம் கொடிக்கம்பம் கடை முன்னாடி நட்டுக்கலாமான்னு, அப்பறம் சொவரு எழுதிக்கலாமான்னு, அப்பறம் மாநாட்டுக்கு வேனுக்கு ஒரு தொகை. நான் ஒரே ஒரு நாளைக்கு ஒரே ஒரு பட்டனை அமுக்கிருக்கேன், இவிய அஞ்சு வருசத்துக்கு என்னையவே எழுதி வாங்கிட்டாப்ல பேசறாங்க. முடியாதுன்னு சொன்னதுக்கு "அப்ப நீங்க உண்மையாலுமே நமக்குத் தான் போட்டீங்களா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க பாருங்க, அன்னைக்குத் தான் எனக்குச் சிரிப்பே வந்துச்சு.

ஆனா சிரிச்சுட்டு உட்டனா, இல்லையே. அதுக்கப்பறம் ஒரு மூணு மாசம் எனக்கே ஒரு வெறி மாதிரி ஆயிருச்சு, யாரைப் பாத்தாலும் நான் போட்டது செரி தான்னு நிரூபிக்கோணும். எங்க சொந்தத்துல ஒரு வாட்ஸ்அப் குரூப்பு, 60 பேரு, காத்தால சாமி படம், மத்தியானம் கல்யாணப் பத்திரிகை, ராத்திரி அரசியல். ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டில்ல உக்காந்துட்டு பத்தி பத்தியா டைப் பண்ணிட்டு இருப்பேன். காங்கேயத்துல ஒரு கல்யாணம், பந்தியில எலையைப் போட்டு உப்பு வெச்சுட்டாங்க, பக்கத்துல உக்காந்த என்ற மச்சான், ஊட்டுக்காரியோட தம்பி, "உங்களை மாதிரி ஆளுகளால தான் மாமா நாடு கெட்டுப்போச்சு"ன்னான். நான் பதிலுக்கு ஒண்ணு சொன்னேன், அவன் ஒண்ணு, சாம்பாரு வாளியோட நின்ன பையன் யாருக்கு ஊத்தறதுன்னு தெரியாம முழிக்கறான். மச்சான் பாதி எலையில எந்திரிச்சுட்டான். பந்தியில பாதியில எந்திரிக்கறது எங்க பக்கத்துல சின்ன விசயம் இல்லைங்க. மூணு வருசம் பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு, பாப்பா சீருக்கு மாமனா வந்து நிக்க வேண்டியவன், ஒறம்பரையோட ஒறம்பரையா வந்து மொய் வெச்சுட்டுப் போனான்.

இதுக்கெல்லாம் வேலையும் பலி. காயில் சுத்தறப்ப சுத்துக் கணக்கு தப்பக் கூடாது, ஒரு காயிலுக்கு 72 சுத்துன்னா 72 தான். கவுண்டர் வெச்ச மெஷின் அப்ப என்கிட்ட இல்லை, வாயால எண்ணித் தான் சுத்தறது. கையி சுத்துது, வாயி எண்ணுது, மண்டைக்குள்ள மச்சானுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன். எங்கயோ 60-ல இருந்து 70-க்குத் தாவிட்டேன் போல. கட்டி முடிச்சு, வார்னிஷ் காஞ்சு, ட்ரையல் போட்டு கரண்ட் அளக்கற டாங் டெஸ்டரை மாட்டுனா ஒரு பேஸுல மட்டும் ஆம்ப்ஸ் தூக்குது, மோட்டாரு உறுமுது. வார்னிஷ் காஞ்ச காயிலை வெட்டி எடுக்கறது இருக்குதே, அதைச் செஞ்சவனுக்குத் தான் தெரியும். ஒரு நாள் கூலியும் போச்சு, தாமிரக் கம்பியும் போச்சு. அன்னைக்கு ராத்திரி குரூப்பை மியூட் பண்ணுனவன் தான், வருசக்கணக்குல போட்டு வெக்கறதுக்கு அதுல ஒரு ஆப்சன் இருக்குதுங்க, வெளிய வந்தா "கோவிச்சுட்டுப் போயிட்டான்"னு ஒரு பஞ்சாயத்து ஆகும், மியூட்டுக்கு ஒரு பஞ்சாயத்தும் இல்லை. மொத நாளு கையி ஃபோனுக்குப் போயிட்டே இருந்துச்சு, நாலாம் நாளு மறந்துட்டேன்.

என்ற கடையில ஒரு பையன் வேலைக்கு இருந்தான், தருமபுரிப் பக்கம். அவன்கிட்ட யாராச்சும் கேட்டா "எனக்கு ஓட்டு ஊர்லங்கண்ணா"ம்பான். அவ்வளவு தான், அதுக்கு மேல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. எனக்கு அவனைப் பாத்தாப் பொறாமையா இருக்கும். ஆனா அங்க தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அவனும் ஓட்டுப் போடறவன் தானே, அவன்கிட்ட மட்டும் ஏன் மேல கேக்க மாட்டேங்கறாங்க? ஏன்னா அவன் இவிய சண்டையில எந்தப் பக்கத்துக்கும் ஆளு இல்லை. அப்ப "யாருக்குப் போட்ட"ங்கறது ஓட்டைப் பத்தின கேள்வியே இல்லை. "நீ எனக்கு ஆளா இல்லையா"ங்கறதைத் தான் இப்படிக் கேக்கறாங்க. அந்த மாமா என்கிட்டக் கேட்டதும் அது தான். நான் அதை உட்டுட்டு இருவது நிமிசம் மஞ்ச வெலை பேசிருக்கேன்.

அதைப் புடிச்சுட்டதுக்கப்பறம் கொஞ்சம் லேசாச்சு. 2023 பிப்ரவரியில ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் வந்தப்ப எங்க ஓட்டு அந்தத் தொகுதியில இல்லைன்னாலும் ஊரே அதைத் தான் பேசிட்டு இருந்துச்சு, "நீயா இருந்தா யாருக்குப் போடுவ"ன்னு சுத்தி சுத்திக் கேட்டாங்க. அப்பத் தான் பழகுனேன். வயசான தோட்டத்துக்காரரு கேட்டா, ஆளை மொதல்ல உக்கார வெச்சு, "அட, நம்ம பழக்கம் எலெக்சனுக்கு முன்னாடியே வந்ததுங்க, டீ சொல்லட்டுங்களா"ம்பேன். கேக்கறதுக்குக் கிண்டலாத் தெரியும், ஆனா அவரு கேட்டதுக்கு அது தான் பதில். ஆளுங்கறதை உறுதிப்படுத்திட்டா பாதிப் பேருக்கு ஓட்டு மறந்து போகுது. மீதிப் பாதிக்கு, "எனக்கு வேணுங்கறது பகல்ல த்ரீ பேஸு வோல்டேஜ் எறங்காம வரோணும், அதைச் செய்யறவனுக்குன்னு வெச்சுக்குங்க. வோல்டேஜ் எறங்குனா உங்களுக்கு மோட்டார் போகுது, எனக்கு யாவாரம் ஆகுது, அப்படி இருந்தும் சொல்றேன் பாருங்க"ம்பேன். சிரிச்சுருவாங்க, அப்படியே பேச்சு ட்ரான்ஸ்பார்மருக்குப் போயிரும். ட்ரான்ஸ்பார்மர் பத்தி எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே கருத்து தானுங்க.

ஒண்ணு மட்டும் கண்டிசனா வெச்சுக்கோணும், எல்லாத்துக்கிட்டயும் ஒரே பதிலு. "உங்களுக்கு மட்டும் சொல்றேன்"னு ஒருத்தருகிட்ட ஆரம்பிச்சீங்கன்னா பொழுதுக்குள்ள பேக்கரிக்கு வந்துரும். சும்மா உம்முனு உக்காந்திருக்கறதும் ஆவாது, நான் அதையும் செஞ்சு பாத்தேன், பேசாம இருந்தா "அப்ப அந்தப் பக்கம் தான்"னு ரெண்டு பக்கமுமே முடிவு பண்ணிக்குது.

கட்சிக்காரங்க கேக்கறது மட்டும் வேற கணக்கு, அதை இதோட போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. அவியளுக்கு பாசமெல்லாம் இல்லை, பூத்துக் கணக்கு. நெறைய பேருக்குத் தெரியாது, ஓட்டு ரகசியம் தான், ஆனா பூத்தோட கணக்கு ரகசியம் இல்லை. எண்ணிக்கை முடிஞ்சதும் எந்த பூத்துல யாருக்கு எத்தனைன்னு ஃபாரம் 20-னு ஒண்ணு வெளியாயிரும், யாரு வேணாலும் பாக்கலாம். முன்னெல்லாம் வாக்குச்சீட்டு இருந்தப்ப பல பூத்துச் சீட்டைக் கலந்து எண்ணுவாங்க, மெஷின் வந்ததுக்கப்பறம் ஒவ்வொரு பூத்து மெஷினையும் தனித்தனியா எண்ணறதால ஆயிரம் சொச்சம் பேருக்குள்ள கணக்கு வந்து நிக்குது. பல மெஷினைச் சேத்து எண்ணறதுக்கு டோட்டலைசர்னு ஒண்ணைக் கொண்டுவரலாம்னு தேர்தல் கமிஷன் 2008-லயே சொல்லுச்சு, 2015-ல சட்டக் கமிஷனும் சொல்லுச்சு, இன்னும் வரலை. அதனால ரிசல்ட் வந்த அடுத்த வாரம் ஒருத்தரு ஃபோனைத் தொறந்து வெச்சுட்டு வீதி வீதியா "நம்ம பூத்துல குடுத்தது இத்தனை, வந்தது இத்தனை, மீதி யாரு"ன்னு கழிச்சுட்டு இருப்பாரு. அந்தக் கணக்குல உங்க பேரு அவருக்கு ஒரு யூகம், அவ்வளவு தான். யாருக்குப் போட்டோம்னு காட்டற விவிபேட் சீட்டு 7 செகண்டு தெரிஞ்சுட்டு பொட்டிக்குள்ள உழுந்துரும், கையில குடுக்கறதில்லை, ஃபோனு உள்ள கொண்டு போகவும் கூடாது. நீங்களா வாயத் தொறந்தாத் தான் யூகம் நெசமாகும்.

"குடுத்தது"ன்னு சொன்னேனே, அதையும் சொல்லிர்றேன். எங்க ஊட்டுலயும் ஒரு தடவை வாங்கிட்டோம், எந்த வருசம்னு கேக்காதீங்க. நாம ஒண்ணும் மாத்திப் போடப் போறதில்லை, வர்ற காசை எதுக்கு உடோணும்னு ஒரு நெனப்பு. ஆனா வாங்குனதுக்கப்பறம் காசு குடுத்தவன் வாசல்ல நின்னு கேக்கறப்ப "அது உனக்கு எதுக்கு"ன்னு சொல்ல வாயி வரலைங்க. குடுக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம். காசு வெளையாடுச்சுன்னு 2016-ல பக்கத்துல அரவக்குறிச்சியில எலெக்சனையே தள்ளிவெச்சு நவம்பர்ல நடத்துனாங்க. அந்தச் சட்டமெல்லாம் எனக்கு அப்பவே தெரியும், தெரிஞ்சும் வாங்குனோம், அது வேற. அடுத்த தடவ கதவைத் தட்டுனப்ப என்ற ஊட்டுக்காரி உள்ளிருந்தே "நாங்க வாங்கறதில்லைங்க, கோவிச்சுக்காதீங்க"ன்னுட்டா. அந்த வருசம் எவனுக்கும் எங்க வாசல்ல நிக்கறதுக்கு உரிமை இல்லாமப் போச்சு.

நம்ம சனம்ங்கறது இன்னொரு தலைவலி. "நம்மாளு நிக்கறாரு, நீ எப்படி மாத்திப் போடுவ"ன்னு கோயில் நோம்பிக் கூட்டத்துலயே கேப்பாங்க. இதுக்கு எனக்கு இன்னும் நல்ல பதிலு கெடைக்கலை. தலைய ஆட்டிட்டு வந்துர்றேன்.

இதையெல்லாம் தாண்டி, "போடலைன்னா வேலையில இருக்க முடியாது, கடன் கெடைக்காது, கடை நடத்த முடியாது"ங்கற அளவுக்கு வந்துச்சுன்னா அது பழமை இல்லைங்க, மெரட்டல். அதுக்கு ஜோக்கு சொல்லிச் சமாளிக்கப் பாக்காதீங்க. எலெக்சன் நேரத்துல தேர்தல் ஹெல்ப்லைன் நம்பரு 1950-க்குக் கூப்புடலாம், சி-விஜில்னு ஆப்பு இருக்குது, ஃபோட்டோ வீடியோ எடுத்து போடலாம், பேரு நம்பரு காட்டாமயும் போட வழி இருக்குது. நான் அதைப் போட்டதில்லை, எங்க ஊருல அந்தளவுக்குப் போகலை.

இந்த இடத்துல நிறுத்திருந்தா நான் பெரிய யோக்கியன்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

2024 எலெக்சனுக்கு முந்துன வாரம், பாப்பாவுக்கு மொத ஓட்டு. பெருந்துறைப் பக்கம் காலேஜ்ல படிக்குது, லீவுக்கு வந்திருந்துச்சு. ராத்திரி சோறு உங்கறப்ப நான் ஆரம்பிச்சேன், "கண்ணு, நம்ம ஊட்டுல எப்பவும் எப்படின்னா..." பாப்பா கையை நீட்டி நிறுத்துச்சு. "ப்பா, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 94-ஆவது பிரிவு. யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு சொல்லச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கோர்ட்டே கேக்க முடியாது, நீங்க கேக்கறீங்க." நான் எங்க கேட்டேன், சும்மா சொன்னேன்னு ஊட்டுக்காரியப் பாத்தேன், இவளாவது நம்ம பக்கம் பேசுவான்னு. அவ ரசத்தை ஊத்திட்டே, "ஆமா கண்ணு, உங்கப்பா கேட்டதே இல்லை. இருவது வருசமாச் சொன்னது தான் உண்டு"ன்னா.

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. அப்ப நீ யாருக்குத் தான் போட்டுட்டு இருந்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சுங்க. முழுங்கிட்டேன். அந்த நிமிசம் வரைக்கும் எங்க ஊட்டுல ரெண்டு ஓட்டும் ஒண்ணாத் தான் போகுதுன்னு நெனச்சுட்டு இருந்தவன் நானு. என்னையக் கேட்டுத் தொல்லை பண்ணுனவியளை எல்லாம் திட்டிட்டு இருந்தனே, ஊட்டுக்குள்ள அதே வேலையை நான் கேள்வியே கேக்காம செஞ்சுட்டு இருந்திருக்கேன். இப்ப மூணு பேரும் பூத்துக்கு ஒரே வண்டியில போறோம், வர்றோம், ஒருத்தருக்கொருத்தரு கேக்கறதில்லை. பாப்பாவுக்கு மட்டும் ஒண்ணு சொல்லிருக்கேன், சொல்லோணும்னு தோணுனாச் சொல்லு, நானும் சொல்றேன், ஆனா சோறு உண்ணு முடிச்சதுக்கப்பறம்.

அந்த மாமா வந்தாருங்க. 2024 ஏப்ரல் 19 ஓட்டு, அடுத்த வாரம் நடு வேச காலத்துல, கெணறு போர்வெல்லு எல்லாம் வத்திக் கெடக்கறப்ப, நான் நம்பர் எழுதுன அதே நீல மோட்டாரோட. வேற கடையில கட்டுனது நிக்கலையாம். எறக்கி வெச்சாரு, பெஞ்சுல உக்காந்தாரு, என்ற விரலைப் பாத்தாரு. "மாப்ள..."ன்னு இழுத்தாரு. "வேண்டாமுங்க மாமா, நான் சொன்னா நீங்க மறுபடியும் மூணு வருசம் வர மாட்டீங்க, அதுக்குள்ள இந்த மோட்டாரை எவனாவது கெடுத்துருவான்"ன்னேன். சித்த நேரம் ஒண்ணும் பேசலை. அப்பறம் "டீ சொல்லு"ன்னாரு. மச்சான் வெசயம் அப்படி ஆகலை, பாத்தாத் தலைய ஆட்டிக்குவோம், அவ்வளவு தான். 2019-ல தோத்தவரு இன்னும் பேரிங் வாங்க மட்டும் தான் வர்றாரு.

எங்க பெரியப்பாவைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. 1996 சட்டமன்றத் தேர்தல்ல எங்க மொடக்குறிச்சியில விவசாயிங்க பாசனக் கொறைய யாரும் காதுல வாங்கலைங்கற கோவத்துல கூட்டம் கூட்டமா நாமினேசன் போட்டு மொத்தம் 1,033 பேரு நின்னாங்க. டெபாசிட் அப்ப 250 ரூவா தான், இந்தக் கூத்துக்கப்பறம் தான் அதை ஒரேடியா 5,000 ஆக்குனாங்க. வாக்குச்சீட்டு சீட்டா இல்லை, புஸ்தகமாட்டம் இருந்துச்சு. அந்த 1,033-ல எங்க பெரியப்பாவும் ஒருத்தரு. ஓட்டுக் கேட்டுப் போகவே இல்லை, அவரு நின்னதே எண்ணிக்கைக்குத் தான். எண்ணி முடிச்சு லிஸ்டு வந்துச்சு. பெரியப்பாவுக்கு ஒரு ஓட்டு.

ஒண்ணு தான். பெரியப்பா சொல்றாரு அது நான் எனக்குப் போட்டதுன்னு. பெரியம்மா சொல்லுது அது நான் போட்டதுன்னு. ரெண்டும் நெசமா இருக்க முடியாது. பெரியப்பா தனக்கே போடாம வேற ஒருத்தருக்குப் போட்டுட்டு வந்திருக்கோணும், இல்லாட்டி பெரியம்மா கட்டுன புருசன் நின்னும் வேற சின்னத்துல குத்திருக்கோணும். ஊரே சிரிச்சுது, ஒறம்பரை வர்றப்பெல்லாம் இதைக் கெளப்பி உடுவாங்க, பெரியப்பா சாகற வரைக்கும் கேட்டுப் பாத்தாரு, பெரியம்மா சொன்னதையே சொல்லிட்டு முறத்தைப் பொடைச்சுட்டு இருக்கும்.

2024-ல பெரியம்மாவுக்கு 86 வயசு. 85 தாண்டுனவியளுக்கு ஊட்டுக்கே வந்து ஓட்டு வாங்கறாங்கன்னு ஃபாரம் எழுதிக் குடுத்திருந்தோம். ஓட்டு நாளுக்கு முன்னாடியே ஆபீசருங்க, வீடியோ எடுக்கறவரு, ஒரு போலீசுன்னு வந்து எறங்குனாங்க, திண்ணையில ஒரு அட்டையை மறைப்பா நிறுத்தி வெச்சாங்க. பெரியம்மா மகன், எங்கண்ணன், "அம்மாவுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க, நானே போட்டுடறேன்"னு கிட்டப் போனாரு. ஆபீசரு பெரியம்மாவைப் பாத்து "தொணைக்கு ஆள் வேணுங்களாம்மா?"ன்னாரு.

பெரியம்மா மடியில பாதி பொறுக்குன அரிசி முறம் இருந்துச்சு. அதை எடுத்து அண்ணன் கையில குடுத்துட்டு, "வெளிய போயி இதுல கல்லுப் பொறுக்கு போ சாமி"ன்னுச்சு.